இரண்டு சுழி ன

ரிமோட்டின் விளக்கு சிமிட்டுகிறது. வேகமாகச் சிமிட்டினால் தேடுகிறது, மெதுவாகச் சிமிட்டினால் சார்ஜுக்குப் பசிக்கிறது, சிமிட்டாமல் நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது. மகள் பவளம் அப்படித்தான் சொன்னாள். இல்லை, மெதுவாக என்றால் தேடுகிறது, வேகமாக என்றால் பசி என்று சொன்னாளா. இப்போது இது சிமிட்டுவது வேகமா மெதுவா என்பதே எனக்குத் தெரியவில்லை. எதோடு வைத்துப் பார்ப்பது. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மெதுவாகத் தெரிகிறது. என் மூச்சோடு வைத்துப் பார்த்தால் வேகம். ரிமோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன், பிறகு மறுபடி கையில் எடுத்தேன், கையில் இருந்தால்தான் தேடும் என்பதுபோல. ரிமோட் என்று சொல்லக் கூடாது, கண்ட்ரோலர் என்று மகள் பலமுறை திருத்திவிட்டாள். என் மனைவி குருவம்மாளும் கடைசிவரை ரிமோட் என்றுதான் சொன்னாள், அவளை யாரும் திருத்தவில்லை. விளையாட்டுப் பெட்டி எதிரே முக்காலியில், பருப்பு டப்பாவின்மேல் சாய்ந்து நிற்கிறது. அவள் கட்டிலில் கிடந்தபோது இப்படித்தான் சாய்த்து வைத்திருப்பாள். அதே டப்பா. பருப்புதான் வேறு. திரையில் ஓலைத்தொப்பி வைத்த ஒரு சின்னப் பெண் உருவம் நடந்துகொண்டே இருக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறது என்றாலும் எங்கும் போகவில்லை. பெட்டியோடு ஒட்டியிருக்கும் இடதுபக்கக் குமிழ் தேய்ந்துபோனதால் அது தானாகவே இடதுபக்கம் நடக்கிறது, வேலியில் முட்டுகிறது, முட்டிய பிறகும் காலை எடுத்து எடுத்து வைக்கிறது. அந்தப் பக்கம் குளம் தெரிகிறது, ஒரு மரப்பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு கூரையின் நுனி மட்டும். அந்தக் கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. பெட்டியின் முதுகு உப்பிவிட்டது. பஜாரில் செல்போன் பழுது பார்ப்பவன் அதை மேசைமேல் வைத்து ஒரு விரலால் சுண்டினான், அது பம்பரம்போலச் சுற்றியது. பாத்தீங்களா அண்ணாச்சி, வயித்துல ஊதிருச்சு, தட்டையா இருந்தா சுத்துமா, என்றான். இனி சார்ஜ்ல போட்டீங்க, பெட்டியும் போகும், வீடும் போகும். நம்ம ஊர்ல வெடிக்கிறதுக்கு வேற சாமான் இல்லையா, என்று அவனே சிரித்தான். சிவகாசியில் எல்லாரும் சொல்லும் நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். வேற பேட்டரி மாத்திக் கொடேன் என்றதற்கு, இந்த மாடலுக்கு வராது அண்ணாச்சி, செஞ்ச கம்பெனியே இதை விட்டுட்டான் என்றான். உள்ளே இருக்கிறதை வெளியே எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். உள்ள என்ன இருக்கு, போட்டோவா? தோட்டம், என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தோட்டமா? ஆமாம், தோட்டம், குளம், ஒரு வீடு. அவன் பெட்டியை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, இருக்கிற சார்ஜ்ல ஒருதரம் பாத்துக்கோங்க என்றான். அந்த இருக்கிற சார்ஜ் இப்போது மூலையில் சின்னக் குறியாக நிற்கிறது. காலையில் பச்சை. இப்போது மஞ்சள். மஞ்சளுக்கு அடுத்தது எனக்குத் தெரியும், பேருந்து நிலையத்துச் சிக்னலைப் பார்த்தவனுக்கெல்லாம் தெரியும்.

இடுப்பு எலும்பு முறிந்து குருவம்மாள் படுத்த பிறகு பவளம் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது இது. அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்றாள். எழுத்தெல்லாம் தமிழில் வரும்படி வைத்துக் கொடுத்தாள். நான் நம்பவில்லை. தொலைக்காட்சியில் தொடரே பார்க்காதவள், இதையா பார்க்கப் போகிறாள். பெட்டியைத் தூக்கிப் பிடித்தால் கை வலித்தது, நெஞ்சில் வைத்தால் பாரமாக இருந்தது, அடுத்த முறை வந்தபோது பவளம் இந்தக் கம்பியில்லாத ரிமோட்டை வாங்கி வந்தாள். அதன் பிறகு குருவம்மாள் கட்டிலைவிட்டு எங்கோ போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து நான் காலண்டர் புரூப் பார்ப்பேன். அச்சகத்திலிருந்து ஓய்வு கொடுத்த பிறகும் தினசரித் தாள்களைப் பிழை பார்க்க வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே ராகு காலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து ஒரு மெட்டு வரும், மூங்கில் குழலும் சின்னச் சலங்கையும் சேர்ந்த மாதிரி, முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். இடையிடையே அவள் யாரையோ வைவாள். ஏலே, அங்க போய் ஏன் நிக்கிற, தண்ணி விட வேண்டாமா. யாரைச் சொல்கிறாள் என்று எட்டிப் பார்ப்பேன், திரையில் ஒரு வாத்து நிற்கும். ஒருநாள் வீடு கட்டிட்டேன் என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். சொந்த வீடு கட்ட வேண்டும் என்று நாங்கள் பேசிப் பேசி விட்டுவிட்டோம், அதனால் அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் குத்தியது, குத்தியதைக் காட்டாமல், யார் யார் இருக்கீங்க வீட்டுல, என்று கேட்டேன். எல்லாரும் இருக்கோம். நான்? உங்களுக்கு அங்க என்ன வேலை, என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்தாளா. சிரித்த மாதிரிதான் நினைவு. உங்களுக்கு அங்க என்ன வேலை. அப்போது நானும் சிரித்துவிட்டு ராகு காலத்துக்குத் திரும்பிப் போனேன். அவள் போன பிறகுதான் அந்த வாக்கியம் மெல்ல எழுந்து நடமாட ஆரம்பித்தது. சோறு வடிக்கும்போது வருகிறது. பல் துலக்கும்போது வருகிறது. எல்லாரும் இருக்கோம், உங்களுக்கு அங்க என்ன வேலை. ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், திறக்கவில்லை. திறந்து, அங்கே எல்லாரும் இருந்து, நான் இல்லாமல் இருந்தால்.

பவளத்துக்குப் போன் செய்தேன். அலுவலகச் சாப்பாட்டு நேரம், கரண்டிச் சத்தம் கேட்டது. அப்பா, பதறாதீங்க, முதல்ல ரிமோட்ல நடுவுல இருக்கிற பட்டனையும் மேல இருக்கிற பட்டனையும் சேர்த்து அமுக்குங்க. நீயே ரிமோட்னு சொல்லிட்ட, என்றேன். ஐயோ அப்பா, அமுக்கினீங்களா? அமுக்கிக்கிட்டு இருக்கேன். எது வரைக்கும்? லைட்டு சிமிட்டுற வரைக்கும். அது முதல்லருந்தே சிமிட்டுதே. வேகமா சிமிட்டணும்ப்பா. இது வேகமா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்.  பிறகு, திரையில் புதியவை என்று ஒரு பட்டியல் வரும், அதில் ரிமோட்டின் பெயர் வரும், ஆங்கிலத்தில் கம்பெனி பெயரும் பின்னால் நம்பரும் இருக்கும், அதைத் தொடுங்கள் என்றாள். வெளி ரிமோட் சேர்ந்துவிட்டால் தேய்ந்த குமிழ் அடங்கிவிடும், அந்த உருவம் நிற்கும். பட்டியல் வந்தது. ஆனால் அதில் எங்கள் காம்பவுண்டே வந்தது. ஜெகதீசன் காதுக்கருவி. பெரிய ஹால் டிவி. யாரோ ஒருவரின் கைக்கடிகாரம். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது, இவையெல்லாம் சுவரைத் தாண்டி வந்து என் முக்காலியில் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஆங்கிலப் பெயர், பின்னால் நம்பர். கிடைத்துவிட்டது என்று தொட்டேன்.

தோட்டத்து மெட்டு நின்றுவிட்டது. திரையில் அவள் நடக்கிறாள், சத்தமில்லை. எதையோ கெடுத்துவிட்டேன். இத்தனை நேரம் இருந்த ஒரே பொருளான அந்த மெட்டையும் தொலைத்துவிட்டேன். பெட்டியைக் காதருகே கொண்டுபோனேன், சூடாக இருந்தது, வெடிக்குமோ என்று தள்ளி வைத்தேன். அப்போது மெட்டு கேட்டது. தரைக்குக் கீழேயிருந்து. குழலும் சலங்கையும் காலுக்கடியிலிருந்து, பெரிதாக, நெஞ்சை அதிரவைக்கும் அளவுக்குப் பெரிதாக வந்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு ஒன்றும் விளங்காமல், குருவு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கீழ்வீட்டு ரஞ்சிதம் முற்றத்துக்கு வந்து மேலே பார்த்துக் கத்தினாள். அண்ணாச்சி! எங்க வீட்டு ஸ்பீக்கர்ல என்னமோ உங்க பக்கத்துப் பாட்டு ஓடுது! பிள்ளையத் தூங்க வச்சிருக்கேன்! சன்னலுக்குப் போய், தெரியாம தொட்டுட்டேன்மா, இந்தா எடுத்துடறேன் என்றேன். எப்படி எடுப்பது என்று தெரியாது. அவள் இடுப்பில் கைவைத்து நின்றவள், கையை எடுத்தாள். இது அக்கா வைக்கிற பாட்டுல்ல, என்றாள். நான் தலையாட்டினேன். சாயங்காலமானா கேக்குமே. அவள் உள்ளே போகவும் இல்லை, அதட்டவும் இல்லை. மெட்டு ஒருமுறை முழுதாக ஓடி முடிந்து மறுபடி தொடங்கியது. பிறகு, இருக்கட்டும் அண்ணாச்சி, பிள்ளை முழிக்கல, நீங்க மெதுவா எடுங்க, என்று சொல்லி உள்ளே போனாள்.

பவளம் இணைப்பிலேயே இருந்தாள். நடந்ததைச் சொன்னேன், சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். சரிப்பா, புதியவைல வரலேன்னா பழசு எதுவோ வழிமறிச்சிட்டு நிக்குது. மேல இணைந்தவைன்னு ஒரு பகுதி இருக்கும், அங்க என்ன இருக்கு? பார்த்தேன். ஒன்றே ஒன்று. என் பேர் இருக்கு, என்றேன். உங்க பேரா? ஆமா. மாசிலாமணி. சொல்லும்போதே கவனித்தேன், மாசிலாமணி என்று இல்லை, மாசிலாமனி என்று இருக்கிறது. மூன்று சுழி ண வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன. வாழ்நாளெல்லாம் பிறர் பெயரிலும் பஞ்சாங்கத்திலும் பிழை திருத்தியவனுக்கு அவன் பெயரிலேயே பிழை. போன் விற்ற கடைக்காரன் பதிந்து கொடுத்ததாக இருக்கும், அந்தக் கடையில் பலகையிலேயே இரண்டு தப்பு. அது உங்க போன்ப்பா, முன்னாடி போட்டோ அனுப்பறதுக்கு நான் சேர்த்திருப்பேன், என்றாள் பவளம். அதுதான் நடுவுல நிக்குது. அதை அழுத்திப் பிடிச்சா மறந்துவிடுன்னு வரும், கொடுத்துடுங்க. கொடுத்துட்டா? பெட்டி அந்தப் பேரை விட்டுடும், அதுக்கப்புறம் ரிமோட்டுக்கு வழி கிடைச்சிடும். எனக்கு மீட்டிங் இருக்குப்பா, சேர்ந்ததும் ஒரு மிஸ்டுகால் கொடுங்க. வைத்துவிட்டாள்.

அழுத்திப் பிடித்தேன். மாசிலாமனி. மறந்துவிடு. அதன் கீழே, இதைச் செய்தால் மீட்க முடியாது, உறுதியா என்று ஒரு கேள்வி, ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள். என் பெயரை நானே ஒரு பெட்டியிடம் மறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்றும் பெரிதாக இல்லை, பிழையான பெயர்தானே, போனால் போகட்டும், வெட்டி எறிந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. குருவம்மாள் என் பெயரைச் சொன்னதே கிடையாது. அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான், ஆனால் இவளுக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது, ஏனென்றால் என் பெயர் உலகமெல்லாம் சிந்திக் கிடந்தது. மாசி மாதத்தைச் சொல்ல மாட்டாள், பங்குனிக்கு முந்தின மாசம் என்பாள். மணி என்ன என்று கேட்க மாட்டாள், நேரம் என்ன ஆச்சு என்பாள். நாலு மணி என்று வராது, நாலாச்சு. பவளம் சின்னவளாக இருந்தபோது அவளை மாட்டிவைக்கப் பார்ப்பாள், அம்மா, கோயில்ல பூசாரி கையில என்ன ஆட்டுறார்? அதான் ஆட்டுறாரே, அது. அதுக்குப் பேர் என்னம்மா? ஆட்டுறது! என்று சொல்லி முதுகில் ஒன்று வைப்பாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட, மயக்கத்துக்கு நடுவிலும், என் பக்கம் கையை நீட்டினாள். ஆம் என்ற கட்டத்தைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டேன். விரல் காய்ந்துபோயிருக்கிறது, வயதான விரலை இந்தத் திரைகள் ஏற்பதில்லை, வங்கியில் கைரேகை வைக்கப் போனாலும் இதே கதை. சட்டையில் தேய்த்தேன். மூலையில் குறி சிவந்துவிட்டது. கீழே மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் வேலியில் முட்டி முட்டி நடக்கிறாள். விரலை நனைத்துக்கொண்டு வரலாம் என்று அடுக்களைக்கு ஓடினேன், ஓடினேன் என்றால் என்னால் முடிந்த ஓட்டம்.

குழாயைத் திறந்தால் காற்று வந்தது. குடத்தில் கைவிடப் போனேன், குடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் அந்தத் தகர டின், அதன்மேல் ஒட்டுத்தாளில் நீல மையால், குருவம்மாள் கையெழுத்தில், என்னெய் என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் சுன்டல். எண்ணெய்க்கும் சுண்டலுக்கும் மூன்று சுழி. கலியாணமான புதிதில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சுழிதான குறையுது, எண்ணெய் குறைஞ்சா போகுது, என்று கேட்டாள். அதற்கு இலக்கணத்தில் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மூன்று சுழி என்ற எழுத்து என் மேசையோடு நின்றுவிட்டது, அடுக்களைக்குள் வந்ததே இல்லை. குடத்துக்குள் கை நனைந்துகொண்டே இருந்தது. என்னெய். சுன்டல். எதற்காக இங்கே வந்தேன். விரலை நனைக்க. எதற்கு நனைக்க. ஆம் என்று சொல்ல. எதற்கு ஆம். என் போன் சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், அதற்குள்ளே போய், எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடினேன். கடைக்காரன் என் பெயரைத் தமிழில் பதியவில்லை. ஆங்கிலத்தில்தான் போட்டிருக்கிறான், முதலெழுத்தோடு. ஆங்கிலத்தில் ன ஏது, ண ஏது. போன் இது, இந்தப் பெயர். அப்படியானால் அங்கே, அந்தப் பெட்டியில், தமிழில், இரண்டு சுழியில் இருப்பவன் யார். பவளம் தப்பாக எழுத மாட்டாள், என்னிடம் படித்தவள். அந்த அறையில் வேறு யாரும் இருந்ததில்லை. வாத்து இருந்தது. எல்லாரும் இருக்கோம். உங்களுக்கு அங்க என்ன வேலை. கம்பெனிக்காரன் ரிமோட்டுக்கு வைத்த பெயரை மாற்ற முடியும் என்று குருவம்மாளுக்கு எப்படித் தெரிந்தது, எந்த மத்தியானத்தில் எந்த எழுத்தை எந்த எழுத்துக்குப் பிறகு தேடித் தேடி அழுத்தினாள், நான் அப்போது கூடத்தில்தானே இருந்தேன், கூப்பிட்டிருந்தால். கூப்பிட மாட்டாள். இந்தாங்க என்பாள். மறந்துவிடு என்று சொல்லிவிட்டேனா. ஆம் தொட்டேனே, இரண்டு தரம் தொட்டேனே.

நனைந்த கையோடு வந்தேன், வழியில் துண்டில் துடைத்தேன், பிறகு துடைத்தது சரியா, நனைந்தே இருக்க வேண்டுமா என்று நின்றேன். கேள்வி இன்னும் திரையில் இருந்தது. காய்ந்த விரலை அது ஏற்கவில்லை. வேண்டாம் என்ற கட்டத்தை விரலின் ஈரம் தொட்டதும் கேள்வி போய்விட்டது. மாசிலாமனி மட்டும் இருந்தது. ரிமோட்டை எடுத்தேன். பிடிக்க வசதியாகக் கீழ்ப்பக்கம் இரண்டு வளைவுகள், அவளுடைய உள்ளங்கைகள் பட்டுப் பட்டு அங்கே மட்டும் மினுமினுப்பு. இதைத்தான் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். தூக்கம் வந்தாலும் விடமாட்டாள், நான் மெதுவாக விரல்களைப் பிரித்து எடுத்து வைப்பேன். என் பெயரைத் தொட்டேன். ஒன்றுமில்லை. சிவப்புக் குறி மினுங்கியது. மறுபடி தொட்டேன். கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று இறுக்கிப் பிடித்தேன், அப்போதும் நடுங்கியது, அது என் கை இல்லை, ரிமோட். உள்ளே ஏதோ விழித்துக்கொண்டு உதறியதுபோல இரண்டு உள்ளங்கையிலும் அதிர்ந்து அடங்கியது. விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டது. திரையின் மேலே ஒரு வரி வந்தது. மாசிலாமனி இணைந்தது. அஃறிணையில் போட்டிருக்கிறான், இணைந்தார் என்று வரவேண்டும், அதுவும் இரண்டு சுழியில்.

அவள் நின்றுவிட்டாள். வேலியில் முட்டாமல், காலை எடுத்து வைக்காமல், நின்று, திரும்பி, தொப்பிக்குக் கீழே இரண்டு புள்ளிக் கண்களோடு என் பக்கம் பார்த்தாள். எந்தப் பொத்தான் நடக்கவைக்கும் என்று தெரியவில்லை. பாலம் அங்கே இருக்கிறது, கூரை அங்கே இருக்கிறது, சார்ஜ் தீரப்போகிறது. எதையோ அழுத்தினேன். அவள் புல்லின்மேல் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டு, வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. கீழ்வீட்டிலிருந்து மெட்டு வந்துகொண்டிருந்தது. எழுப்பி நடத்த வேறு எந்தப் பொத்தான் என்று நான் தேடவில்லை. மத்தியானத்திலிருந்து நடந்திருக்கிறாள். திரையின் மேல்வரி தானாக மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், திருத்தவில்லை.